களவா என்று சொன்ன விளமீன்

மச்சான்,

இன்று காலை பள்ளத்தூர் ஆச்சி வீட்டுப் பின்கட்டில் மீன் வந்து இறங்கியது. தொண்டியிலிருந்து கொண்டுவந்த ஆள், "அருமையான களவா" என்று ஓலைப்பாயை விரித்தான். நான் மீனின் வாயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே செக்கச் சிவப்பு. "இது விளமீன்யா. யாருகிட்ட?" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இருபது வருஷம் ஒரே அடுப்படியில் நின்று எத்தனையோ வீட்டு விருந்துக்குச் சமைத்தோம். சண்டை என்று வந்தால் இந்த இரண்டு மீனுக்காகத்தான். நீ களவாக் கட்சி. கடற்கரையில் பிறந்தவன் என்ற திமிர் வேறு. பாறைப் பொந்தில் கிடந்தே கொழுக்கிற மீன், தோல் தடிப்பு, எவ்வளவு கொதித்தாலும் துண்டு கலையாது என்பாய். விளமீன் பாறையை ஒட்டிய மணலில் மேய்கிற மீன். செதில் பெரிது, கரண்டி பட்டால் உடையும். ஆனால் அந்தச் சதையின் இனிப்புக்குக் களவா கிட்டே வர முடியாது. இதை இன்றும் சொல்கிறேன். மறுத்துப் பேச நீ இல்லை, ஆகவே நான்தான் ஜெயித்தேன்.

இவ்வளவு வாய் பேசுகிற நான்தான் ஆச்சி மகளின் கறிவிருந்தில் ஏமாந்தேன். மீன் எடுப்பதும் அறுப்பதும் எப்போதும் உன் வேலை. எனக்குத் துண்டாக்கிய மீன்தான் பழக்கம். அந்த முறை உனக்குக் காய்ச்சல். நானே தொண்டிக்குப் போய் மார் தட்டிக்கொண்டு, களவா என்று வாங்கி வந்தேன். புது மாப்பிள்ளை இலையில் களவாத் தலை வைப்பதாகச் சம்பந்தி வீட்டில் ஆச்சி சொல்லியிருந்தார்கள். நீ காய்ச்சலோடு எழுந்து வந்து மீனின் வாயைப் பிளந்தாய். "விளமீன் மச்சான்."

ஆச்சி சொல் பொய்யானால் அப்புறம் எந்த வீட்டில் நம்மைக் கூப்பிடுவார்கள்? நீ என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தாய். "இதைப் போடாத. சட்டியைப் பிடிச்சு ஆட்டு, போதும். நான் உள்ள போயிட்டு வாரேன்." திரும்பி வந்து, "ஆச்சிகிட்ட களவான்னு சொல்லிட்டேன்" என்றாய். மீன் விஷயத்தில் ஒரு நாளும் பொய் பேசாதவன் நீ. அன்றிலிருந்து பத்து வருஷம், நீ நியாயம் பேசும்போதெல்லாம் "நீயும் களவாப் பொய்யன்தானே" என்று உன் வாயை அடைத்தேன். நீ சிரிப்பாய், அவ்வளவுதான்.

இன்று மனது உறுத்தியது. ஆச்சியிடம் போய், அன்றைக்கு வந்ததும் விளமீன்தான் என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமேப்பா," என்றார்கள். "இலை போடுறதுக்கு முந்தியே ஒன் கூட்டாளி வந்து சொல்லிட்டானே. தொண்டிக்குப் போனதும் நான்தான், மாத்தி எடுத்ததும் நான்தான்னான். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா நீ நொந்து போவியாம், ஒன் காதுல போட்றாதீகன்னு கும்பிட்டான். நானும் விளமீன்னு சொல்லித்தான் வச்சேன். மாப்பிள்ளை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னாக."

நீ பொய் சொன்னது உண்மைதான், மச்சான். ஆனால் ஆச்சியிடம் இல்லை, என்னிடம்.

அங்கேயே நின்று அழுதேன். பிறகு, "தொண்டிக்குப் போனது அவன் இல்ல ஆச்சி, நான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தேன். இன்றைய விருந்தில் விளமீனை விளமீன் என்றே சொல்லிப் பரிமாறினோம். குழம்பில் நான் கரண்டி போடவில்லை. துணியைச் சுற்றிச் சட்டியைப் பிடித்து, நீ சொன்னபடி ஆட்டினேன். ஒரு துண்டுகூட உடையவில்லை.