சந்தாதாரர் நேரில் வந்து வாங்க வேண்டும்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் கிடக்கும் துணி மூன்றாவது நாளாக ஈரம். மணிமுத்தாறில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று பஸ்ஸில் பேச்சு. பள்ளிக்கூட லேபில் அரையாண்டுத் தேர்வுக்கு உப்புப் பாட்டில்களில் லேபிள் ஒட்டினேன். பாதியில் பசை பிடிக்கவில்லை.

மதியம், கேம் சிடி வாடகைக்கு அனுப்பும் மதுரைக் கம்பெனியிலிருந்து செய்தி. இந்த மாதத்தோடு மூடுகிறார்களாம். கையில் இருக்கும் கேம் சிடிகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம்.

லேப் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தம்பி சிதம்பரத்திடம் எப்படிச் சொல்வது? போன வருஷம் கூரியர் தாமதமாகிப் பத்து நாள் சிடி வரவில்லை. நாலு நாள் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது.

தபாலில் கேம் வாடகைக்கு அனுப்புகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கொசுவத்தி. பால் கார்டு. குடைக் கம்பி.

நவம்பர் 5, புதன்

தூறல். டாக்டரிடம் பேசினால் எனக்கு எதுவும் கோர்வையாக வருவதில்லை. ஒரு தரம் எழுதி வைக்கிறேன்.

சிதம்பரம், என் தம்பி. வயது முப்பத்தாறு. எனக்கு ஏழு வயது இளையவன். எட்டு வருஷம் அரசுத் தேர்வு எழுதினான். கடைசித் தடவை நேர்முகம் வரை போய் வந்தான். பட்டியலில் பேர் இல்லை. அன்றைக்குப் பின்கட்டு அறைக்குள் போனவன்தான். அப்பா இறந்தபோது வெளியே வந்தான். மொட்டை போட்டான், கொள்ளி வைத்தான், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் மறுபடி உள்ளே. மூன்று வருஷம் ஆகிறது. அறையோடு சேர்ந்து குளியலறை இருக்கிறது. தட்டை முக்காலியில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகு எடுப்பான். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவான். போனை உடைத்துவிட்டான். தேர்வுக்கு முன்னால் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய, டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி ஒன்றுதான் துணை.

முகத்தைக் கடைசியாகப் பார்த்தது போன வருஷம் ஆனியில். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டு தடவையும் ஒன்றுதான் சொன்னார். கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நவம்பர் 6, வியாழன்

இரண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். இரண்டுதான் நம் பின்கோடுக்கு அனுப்புகிறார்கள்.

பெ. (பெங்களூர்): ஒரு தடவைக்கு மூன்று சிடி. புதுசு எல்லாம் இருக்கிறது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். திருப்புவதற்கும் வாசலில் வைத்தால் போதும். பேசிய பெண் நல்ல தமிழ், நல்ல பொறுமை.

கோ. (கோயம்புத்தூர்): ஒரு தடவைக்கு ஒரே சிடி. பழசு. கீறல் இருந்தால் மாற்ற ஒரு வாரம். கட்டணம் ஏறத்தாழ அதேதான்.

கோ. ஆளிடம் பேசிவிட்டுப் போனை வைக்கப் போனேன். அவரே சொன்னார்: "ஒண்ணு மட்டும் முன்னாலயே சொல்லீறனுங்க. சந்தாதாரர்தான் நேர்ல வந்து வாங்கோணும். வீட்டாளுகளுக்குக் குடுக்க மாட்டோமுங்க. அடையாள அட்டையப் பாத்து, பெட்டியோட நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுத்தான் கையில குடுப்போம். சிடி நெறைய காணாமப் போகுதுங்க."

ஒவ்வொரு தடவையுமா என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும்தானாம்.

அதற்குப் பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

வேதியியல் பேச்சியம்மாள் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர்களுக்குத்தான் சிதம்பரம் விஷயம் முழுக்கத் தெரியும். பெங்களூரை விட்டுவிட்டு மட்டமானதை எதற்கு எடுக்கிறாய் என்றார்கள். காரணத்தைச் சொன்னேன். பிப்பெட்டைக் கழுவி ஸ்டாண்டில் வைத்தார்கள். பிறகு, "ஏட்டி, தேங்காச்சில்லு வச்சு எலி பிடிக்கப் பாக்கே. அவன் மனுசன்லா" என்றார்கள்.

 வாசல் வரைக்கும் பதினாறு எட்டுதான் இருக்கும். மாதத்தில் இரண்டு தடவை பதினாறு எட்டு நடந்தால் என்ன கெட்டுவிடும்? ஒரு மனிதன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. டாக்டரிடம் போக வேண்டாம், தேரடிக்குப் போக வேண்டாம். வாசல்.

நவம்பர் 8, சனி

கோ.வில் சேர்த்துவிட்டேன். சந்தாதாரர் பெயர்: அவன் பெயர்.

சீட்டு எழுதினேன். மதுரைக்காரர்கள் மூடுகிறார்கள், புதுக் கம்பெனி போட்டிருக்கிறேன், அவர்கள் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். இதுவரை உண்மை. அதற்குக் கீழே ஒரு வரி: 'இப்ப எல்லா கம்பெனியும் இப்படித்தானாம்.'

கதவுக்கு அடியில் தள்ளினேன். அரை மணி கழித்துச் சீட்டு திரும்பி வந்தது. 'சரி.' அதற்குக் கீழே வேண்டிய கேம்: பனியில் லாரி ஓட்டுவது, இரண்டாம் பாகம்.

முதல் பாகத்தைத்தான் ஐந்து மாதமாக ஓட்டுகிறான். எஞ்சின் சத்தம் அடுப்படி வரை கேட்கும். எத்தனையோ நாள் அதைக் கேட்டுத்தான் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன்.

நவம்பர் 12, புதன்

பழைய சிடிகள் மதுரைக்குப் போயாயிற்று. முக்காலியில் துடைத்து அடுக்கி வைத்திருந்தான். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுகிறது.

சாப்பிட்டான். பாதி.

நவம்பர் 15, சனி

கொட்டுகிற மழை. பதினோரு மணிக்குக் கோ. பெட்டி வந்தது. கொண்டுவந்தது இசக்கி என்று ஒரு பையன், இந்தப் பக்கத்துக்கெல்லாம் கூரியர் கொடுக்கிறவன். பிளாஸ்டிக் கோட்டிலிருந்து தண்ணீர் வழிய வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன். வரவில்லை.

கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்த சத்தம்கூடக் கேட்டது.  இசக்கியிடம் போய் இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். "பைய வரட்டும்க்கா. நான் இங்கனயே நிக்கேன்" என்றான். இருபது நிமிஷம் நின்றான். நாலு போன் வந்தது அவனுக்கு.

தாழ்ப்பாள் திறக்கவில்லை.

மூன்று தடவை கொண்டுவருவார்களாம். இன்னும் இரண்டு.

இரவுச் சாப்பாடு தொடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

காலையில் பின்கட்டில் தண்ணீர் சத்தம். ரொம்ப நேரம் குளித்தான். சோப்பு வாசனை கதவிடுக்கில் வந்தது. தீபாவளிக்கு எடுத்து வைத்த சட்டையை முக்காலியில் வைத்தேன். மாலையில் வந்து பார்த்தால் இல்லை. எடுத்திருக்கிறான்.

பிள்ளையாருக்குச் சிதறுகாய் நேர்ந்துகொண்டேன்.

நவம்பர் 19, புதன்

லேபில் ப்ளஸ் டூ பிள்ளைகள். முப்பது பேர், எட்டு பர்னர். பன்னிரண்டே காலுக்கு இசக்கி போன்.

"யக்கா, தம்பி வந்து வாங்கிட்டாரு."

என்ன கேட்டேன் என்று நினைவில்லை. பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

ஐந்து நிமிஷத்தில் கம்பெனியிலிருந்து செய்தி. 'பொருள் ஒப்படைக்கப்பட்டது.' கீழே போட்டோ.

நம் வாசல். அந்தச் சட்டை. தாடி நெஞ்சு வரை, நடுவில் வெள்ளைக் கோடு. வெளிச்சத்துக்குக் கண் கூசி ஒரு கண் மூடியிருக்கிறது. கன்னம் ஒட்டி, வாய் ஒரு பக்கமாக இழுத்து. பெட்டியை இரண்டு கையாலும் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறான். தெருவில் பார்த்திருந்தால் யாரோ என்று தாண்டிப் போயிருப்பேன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். பாலத்தில் நெரிசல், பஸ் நகரவில்லை. ஆற்றில் செந்தண்ணீர். ஜன்னலோரத்து ஆச்சி, ஆத்து மண்டபம் முங்கிட்டு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தேன். அழுதேன் போல. ஆச்சி தன் முந்தானையைக் கொடுத்தார்கள்.

வீட்டில் எஞ்சின் சத்தம் இல்லை. தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பாயாசம் வைத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

பாயாசம் அப்படியே. ஆடை கட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் கோ. பெட்டி. பிரிக்கவில்லை. ஒட்டிய டேப் ஒட்டியபடி. சீட்டு: 'திருப்பி அனுப்பு.'

இசக்கியைக் கூப்பிட்டேன். என்ன நடந்தது, ஒன்றுவிடாமல் சொல் என்றேன். பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துவிட்டான்.

மணி அடித்துவிட்டு ரொம்ப நேரம் நின்றானாம். போகத் திரும்பும்போது கதவு திறந்ததாம். தம்பி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தானாம்.  கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு தடவை கீழே விட்டானாம். போட்டோவுக்குச் சொன்ன இடத்தில் நின்றானாம்.

"போறப்ப ஒண்ணு கேட்டாருக்கா. எல்லா கம்பெனியும் இப்படித்தான் ஆளப் பாத்துக் குடுக்காங்களான்னு."

நீ என்ன சொன்னாய் என்றேன்.

"இல்ல சார், மத்தவங்க பெட்டியெல்லாம் வாசல்ல வச்சிட்டுப் போயிருவோம், இவங்க மட்டுந்தான் இப்படின்னேன். உள்ளதத்தானக்கா சொன்னேன்."

ஆமாம், உள்ளதைத்தான் சொன்னாய் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. பத்தமடைப் பாயைக் கதவுக்கு வெளியே விரித்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை. என்னென்னவோ பேசினேன். அப்பா, தேர்வு, மழை, டீச்சர் சொன்னது. 

கடைசியில், "பொய்தாம்ல சொன்னேன். உன் மூஞ்சியப் பாக்கணும் போல இருந்துச்சு. வேற வழி தெரியல" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்துக் குரல் வந்தது. சீட்டு இல்லை, குரல். கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து. கரகரப்பாக, அப்பா குரல்போல இருந்தது.

"எங்கிட்ட கேட்ருக்கலாம்லாக்கா."

கேட்டிருந்தால் திறந்திருப்பாயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பாடு வைத்தேன், துணி வைத்தேன், சிடி வைத்தேன். கதவைத் திற என்று ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

இப்போது கேட்டேன். கதவு திறக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கோ.வை ரத்து செய்தேன். பெ.வில் சேர்ந்தேன். லாரி இரண்டாம் பாகமும், கூட இரண்டும். சீட்டில் எழுதித் தள்ளினேன்: 'யாரும் வர வேண்டாம். வாசலில் வைத்துவிடுவார்கள். சத்தியம்.'

இரண்டு இட்லி எடுத்திருக்கிறான். தண்ணீர்ச் செம்பு காலி.

போட்டோவை டாக்டரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். கூட்டிக்கொண்டு வர முடியாது என்றேன். அடுத்த வாரம் தானே வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். அவனிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், திடீரென்று வேண்டாம் என்றார்.

நவம்பர் 27, வியாழன்

பெ. பெட்டி வந்தது. அழகான பெட்டி. முக்காலியில் வைத்தேன். டாக்டர் வரப்போவதைச் சீட்டில் எழுதி மேலே வைத்தேன்.

மாலையில் பார்த்தால் பெட்டி அதே இடத்தில். சீட்டு மட்டும் இல்லை. பக்கத்தில் கேம் பெட்டி. ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். கைப்பிடிகள் இரண்டும் மேலே. தூசி துடைத்து. யாரிடமோ திருப்பிக் கொடுப்பதுபோல்.

தூக்கிக்கொண்டு போய் என் பீரோவில் வைத்தேன். பெ. கம்பெனிக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். அந்தப் பொறுமைக்காரப் பெண் என்ன குறை என்று கேட்டது. உங்கள் பக்கம் குறை ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 28, வெள்ளி

இனிமேல் எந்தச் சத்தமும் வராது. விடியற்காலை கதவில் காதை வைத்து நின்றேன். ஃபேன் ஓடுவது மட்டும்.  தட்டினேன். "லே சிதம்பரம், பேச வேண்டாம். இருக்கேன்னு மட்டும் தட்டு. அது போதும்" என்றேன். தினமும் ஏழரைக்கு நான் தட்டுவேன், நீயும் தட்டு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

கதவின் அடிப்பக்கத்தில் உள்ளிருந்து ஒரு தட்டல். தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

நவம்பர் 29, சனி

மேகமூட்டம். மழை இல்லை. சிறப்பு வகுப்பு இருப்பதால் லேபைத் திறக்க வேண்டும்.

ஏழரைக்குத் தட்டினேன். இல்லை. ஏழே முக்காலுக்குத் தட்டினேன். இல்லை. எட்டரை பஸ் போய்விட்டது. ஒன்பதுக்குத் தட்டினேன். கடப்பாரை எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன்.

ஒன்பது பத்துக்கு உள்ளிருந்து ஒரு தட்டல். மெதுவாக.

சோற்றை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.