பள்ளிச் சுவரில் உன் சிரிப்பு

தங்கச்சி,

இவ்வளவு நாள் உன்னிடம் நான் மறைத்தது போதும். திரிங்காப் பள்ளிச் சுவரில் இருந்த உன் படத்தை அழித்துவிட்டோம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை பெரிய பாடகியானாள் என்று நான்தான் அதை வரைய வைத்தேன்.

தானா ராத்தா டவுனில் நீ பீர் குடிப்பதை யாரோ படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் வசுமதி எழுந்தாள். "சார், உங்க தங்கச்சியே இப்படிக் குடிச்சா எம்மவ யாரப் பாத்து வளருவா?"

லோரி ஓட்டும் ஆண்டியப்பன், "இங்க குடிக்காத ஆம்பள கையத் தூக்குங்க லா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை, என் கையும்தான். பிறகு படத்தை அழிக்க அத்தனை கைகளும் எழுந்தன.

இருபது வருட வாத்தியாரான என்னை இப்போது பாடகியின் அண்ணன் என்றுதான் சொல்கிறார்கள். தீர்மானத்தில் முதல் கையெழுத்துப் போட்டது அந்த எரிச்சலாலா, வேலை பயத்தாலா, உன்மேல் உள்ள கோபத்தாலா? எனக்கே பிடிபடவில்லை.

நானே வெள்ளைச் சாயம் அடித்தேன். இந்தப் பனியில் காயவில்லை. மூன்று பூச்சுக்குப் பிறகும் உன் சிரிப்பு தெரிகிறது. இன்று பரீட்சைக்குப் போன பிள்ளைகள் வழக்கம்போல் உன் படத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். எல்லார் நெற்றியிலும் வெள்ளை.

நாளை நான்காவது பூச்சு அடிக்கச் சொல்கிறார் தலைமையாசிரியர். மாட்டேன் என்று சொல்வேனா, தெரியவில்லை.

கீழே பெயர் எழுதப் போனேன். அந்தத் தீர்மானத்தில் போட்ட கையெழுத்தை உனக்கும் போடக் கூசுகிறது. போடாமலே அஞ்சலில் சேர்க்கிறேன்.