அடுப்புக்குள் போகாத கூடை

சாஃபி, செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் மீலூதுக்கு உன் அம்மா எழுதுவது. நீயும் சாமியாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, அதை விடு, மனசுதான் ஐந்து நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உன் அக்கா நஜாத்துக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாயைக் கட்டினால் இன்னும் இறங்கும், கட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று முறை தொலைபேசிக் கடைக்குப் போய் உன் வீட்டுக்குப் பேசப் பார்த்தேன். மூன்று முறையும் எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு ஹாலந்துக்காரி பேசினாள், நான் பேசியதை அவள் கேட்கவில்லை. சாமியாவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள், புதன் இரவுதான் திரும்புவீர்கள் என்று நஜாத் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக் கபீராவின் மருமகன் நாளைக் காலை உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறான். உன் கையில் இதைக் கொடுத்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கடைசிவரை படி, வெள்ளிக்கிழமை போனில் செய்த மாதிரி, "அம்மா, கூட்டத்துல இருக்கேன், கணக்கு சரியா இருக்குன்னு மேனேஜர் முராத் சொல்லிட்டான்" என்று பாதியில் வைத்துவிடாதே.

போன வியாழக்கிழமை நம் மத்தி மீன் தொழிற்சாலையில், நீ வரைந்து அனுப்பிய புது எந்திர வரிசையை ஓட்டிப் பார்த்தார்கள். வரைந்தவனின் அம்மா என்று எனக்குப் பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்து அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். முப்பத்தாறு வருடம் நின்றே வேலை செய்த கூடத்தில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. முன்பு ஒரு படகு மீன் மொத்தத்தையும் தலை வெட்டி முடித்த பிறகுதான் டின்னில் அடுக்குவோம், அடுக்கி முடித்த பிறகுதான் எண்ணெய், ஒவ்வொரு இடத்திலும் மத்தி மலை மாதிரி குவிந்து கிடந்து அடியில் இருப்பது நசுங்கும். இப்போது வெட்டுகிற இடத்திலிருந்து மூடி அடிக்கிற இடம்வரை பட்டை ஓடுகிறது, பெண்களின் விரல் ஐஸ் தண்ணீரில் மரத்துப் போவதில்லை. அதற்கு உனக்கு நன்மை எழுதப்படும். ஆனால் ரமலானில் வந்திருந்தபோது தேநீர்த் தட்டில் கண்ணாடிக் குவளைகளைக் குதிரை லாடம் மாதிரி வளைத்து வைத்துக் காட்டினாயே, "மீன் எங்கயுமே நிக்கக் கூடாதும்மா, நிக்கிற நேரமெல்லாம் வீண்" என்று. நடுவில் இருந்த சுவர் எங்கேடா என்று நான் அன்றே கேட்டேன். "அதைச் சுத்திக்கிட்டுப் போறதுக்கே ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போகுதும்மா, இடிச்சிரலாம்" என்று சிரித்தாய். சாமியாவும் சிரித்தாள். நான் அதை மறக்கவில்லை.

அந்தச் சுவர் ஏன் வந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, அது என் குற்றம். நீ என் வயிற்றில் ஏழு மாதம். அப்போதும் அடுப்புக்கு ஒரே கதவுதான், இப்போது நீ வாங்கிவைத்திருக்கிறாயே அதே மாதிரி. மூடி அடித்த டின்களைக் கம்பிக்கூடையில் போட்டு உள்ளே தள்ளுவோம், ஆவியில் ஒரு மணி நேரம் வெந்ததும் அதே கதவு வழியாக வெளியே இழுப்போம். வேகப் போகிற கூடையும் வெந்து வந்த கூடையும் ஒரே தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். டின்னை வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதே பளபளப்பு, அதே எடை. மேஸ்திரி உன் பெரியப்பா பூஷ்தா. சாயங்காலம் தாமதமாக ஒரு படகு வந்தது, வழியை அடைக்கிறது என்று அவர் வேகாத கூடை ஒன்றைத் தன் கையாலே இழுத்து வெந்த கூடைகள் பக்கம் விட்டார். நான் மீனின் உப்பைக் கழுவிக்கொண்டு நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கூடை வேகாமலே கிடங்குக்குப் போனது. பதினோரு நாள் கழித்து, உள்நாட்டில் ஒரு சுன்னத்து விருந்தில் அதைத் திறந்தார்கள். முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார்களாம், பிறகு கண் இமை தானாகத் தொங்கியது, பிறகு நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது, பிறகு மூச்சு. மூன்று பேர். கூடை தள்ளும் வேலை மஹ்ஜூபாவுடையது, எனவே மஹ்ஜூபாதான் செய்தாள் என்று ஆகிவிட்டது. "தூங்கிக்கிட்டே தள்ளினா" என்று பூஷ்தா சாட்சி சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எட்டுப் பேர் அவர் சம்பளத்தில் சாப்பிட்டோம், நான் தரையைப் பார்த்தேன். எந்தத் தொழிற்சாலையும் அவளை எடுக்கவில்லை, அகாதீருக்குப் போனாள், அவள் போவதற்கு முன்பே அங்கே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. பூஷ்தா இரண்டு முறை ஹஜ்ஜுக்குப் போய் வந்தார், ஊரே ஹாஜி என்றது, நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அவர் இறந்தபோது மய்யித்து வீட்டுக்கு நான் ரொட்டி அனுப்பவில்லை. அதற்குப் பிறகுதான் சுவர் கட்டினார்கள், அடுப்புக்கு இரண்டு கதவு வைத்தார்கள். இந்தப் பக்கக் கதவில் போவது அந்தப் பக்கக் கதவில்தான் வரும், அடுப்பைத் தாண்டாமல் ஒரு கூடையும் அந்தப் பக்கம் போக முடியாது. நீ வீண் என்று சொன்ன நடை அதுதான்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அடுப்பில் ஒரு ஈட்டுக்கு நான்கு கூடை. கூடையின் சக்கரம் கதவு விளிம்பைத் தாண்டும்போது டொக்கென்று ஒரு சத்தம் வரும், உள்ளே போகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் தஸ்பீஹ் மாலையில் ஒரு மணியைத் தள்ளினேன். ஒன்பது ஈடு நான்கு நான்காகப் போனது. கடைசி ஈட்டின்போது விருந்தாளிகள் புகைப்படம் எடுக்க என் முன்னால் வந்து நின்றார்கள், ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு சத்தம். மொத்தம் முப்பத்தெட்டு. எல்லாம் முடிந்து கிடங்கைக் காட்டினார்கள், அங்கே அடுக்கியிருந்தது முப்பத்தொன்பது. முராதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சுவரில் இருந்த எண் பெட்டியைக் காட்டி, "லல்லா யம்னா, மூடி அடிச்சது முப்பத்தொம்பது, கிடங்குல முப்பத்தொம்பது. உங்க மகன் வச்ச எந்திரம் பொய் சொல்லுமா?" என்றான். அந்த இரண்டுக்கும் நடுவில்தானே அடுப்பு இருக்கிறது, அங்கே யார் எண்ணினது என்றேன். "நீங்க எண்ணினீங்களே, அது போதும்" என்று சிரித்தான், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆவி பட்டால் கறுக்கிற காகிதத்தைக் கூடையில் ஒட்டச் சொல்லி நீ எழுதியிருந்தாயாம், அந்தச் சுருள் இன்னும் சுங்கத்தில் கிடக்கிறது, ஒரு நாள்தானே என்று இல்லாமலே ஓட்டிவிட்டார்கள். கூடை தள்ளும் இல்ஹாம் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள், கணவனை இழந்தவள், மூன்று பிள்ளைக்காரி. வெந்த நான்கு கூடையும் வெளியே வர இடமில்லாமல், காத்திருந்த ஒரு கூடையை ஓரமாக இழுத்துவிட்டதாகவும், திரும்பிப் பார்ப்பதற்குள் கிடங்கு ஆட்கள் ஐந்தையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்களோ என்று பயமாக இருப்பதாகவும் சொல்லி அழுதாள். நேற்று மறுபடி முராதிடம் போனேன். இந்த முறை சிரிக்கவில்லை. "அப்படி ஒண்ணு நடந்திருந்தா அது தள்ளினவ தப்பு, வரைபடத்துல ஒரு தப்பும் இல்ல" என்றான். அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

கிடங்கில் இருப்பது சனிக்கிழமை லாரி ஏறி காஸாபிளாங்காவுக்குப் போகிறது. அதைவிட மோசம், அன்று வேலை செய்த ஐம்பத்திரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு ஆறு டின் பரிசு கொடுத்தார்கள், கதவுப் பக்கம் இருந்த கடைசிக் கூடைகளிலிருந்து எடுத்து. சனிக்கிழமையிலிருந்து நானும் நஜாத்தும் வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டிருக்கிறோம். "மகன் கட்டினதை அம்மாவே பிரிக்கிறாளே, மருமக மேல கோபமா லல்லா?" என்று கேட்கிறார்கள். மகன் வரைந்தது தப்பு என்று எல்லா வாசலிலும் சொல்லிவிட்டேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே உனக்குச் சொல்கிறேன். சொன்னால்தான் டின்னைத் தருகிறார்கள். நாற்பத்தேழு வீடு முடிந்தது, நான்கு வீட்டில் சாப்பிட்டுவிட்டார்கள், இதுவரை நன்றாக இருக்கிறார்கள், காலையும் மாலையும் போய் இமையைப் பார்த்துவிட்டு வருகிறேன். சில டின் உப்பிக் காட்டிக்கொடுக்கும், சில உப்பாது, அதனால் எதையும் நம்ப முடியாது. ஐம்பத்திரண்டாவது வீடு ரபீஆவுடையது. அவள் புருஷன் ஆறு டின்னையும் படகுக்கு எடுத்துப் போய்விட்டான், தெற்கே, ஞாயிறு காலையில் கிளம்பி. துறைமுக வானொலி அறைக்கு இன்று காலை போனேன். "மீன் பிடிக்கப் போறவன் டின் மீனா திங்கப் போறான், போய்ப் படுங்கம்மா" என்றான் அங்கே இருந்தவன். வலை போடும் இடம் வந்து சேரும்வரை படகில் பச்சை மீன் கிடையாது, ரொட்டியும் டின்னும்தான், அது அவனுக்குத் தெரியாதா. தொழிற்சாலை சொன்னால் செய்தி அனுப்புவேன், கிழவி சொன்னால் முடியாது என்றான். முராத் தானாகச் சொல்லமாட்டான், நீ சொன்னால் சொல்வான்.

அதனால் சட்டையைக் கழற்றுவதற்கு முன் முராதுக்குப் போன் பண்ணு. முதலில் படகு, பிறகு லாரி. கேட்பவனிடம் வரைபடம் என்னுடையது, தப்பு என்னுடையது, இல்ஹாமின் பெயரை யாரும் எழுதக் கூடாது என்று உன் வாயால் சொல். வேலை போனால் போகட்டும், இங்கே உனக்கு ஒரு அறை இருக்கிறது. அல்லாஹ் உன் கையை நேராக்கட்டும், உன் பிள்ளைகளின் தட்டில் வருவதெல்லாம் நல்லதாகவே வரட்டும், அடுத்தவர் தட்டிலும் அப்படியே. போனில் தடுமாறாமல் சொல்வதற்காகக் கீழே எழுதுகிறேன். படகின் பெயர் நூருல் பஹ்ர். டின் ஆறு. ஆட்கள் பத்தொன்பது பேர்.

உன் அம்மா
யம்னா