சகலைகள் இருவர், டி.வி. ஒன்று

என் ஆசை அக்கா சுமதிக்கு,

நீ நம்பமாட்டாய். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் செப்டம்பரில் மூன்று வாரம் ஹூஸ்டனில், உன் வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். இருவருக்கும் ஒரு காயமும் இல்லை.

நீ இருந்தவரைக்கும் நமக்குள் டி.வி.தான் பாதிப் பேச்சு. சனிக்கிழமை உனக்கு மாலை ஆறு மணி, இங்கே பிளசன்டனில் எனக்கு நாலு. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே நொடியில் பட்டனை அமுக்குவோம். அப்படியும் உன் டி.வி. இரண்டு வசனம் முந்தி ஓடும். நான் பார்ப்பதற்குள் நீ "அச்சச்சோ, அவன் போயிட்டான்" என்று சொல்லிக் கதையைக் கெடுத்துவிடுவாய்.

இப்போது வருகிற தொடர்கள் எப்படி என்று கேட்கிறாயா? ஒரே இருட்டு அக்கா. யார் பேசுகிறார்கள் என்று தெரிய ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூட வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரக் கதையைப் பத்து எபிசோடுக்கு நீட்டுகிறார்கள்; எட்டாவதில்தான் போலீஸுக்கே சந்தேகம் வருகிறது. செய்திச் சேனல் அதைவிட மோசம். ஆறு பேரை ஆறு கட்டத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள்; ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மாமா பார்க்கும் சேனலிலும் இவர் பார்க்கும் சேனலிலும் ஒரே செய்தியைக் கேட்டால் இரண்டு வெவ்வேறு நாட்டில் நடந்தது போல இருக்கும்.

அந்த இரண்டு நாடும் போன நவம்பரில் தாங்ஸ்கிவிங் விருந்தன்று உன் சாப்பாட்டு மேசையில் மோதிக்கொண்டதை நீ மறந்திருக்க மாட்டாய். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் திட்டி ஏதோ செய்தி ஓடியது. மாமா தலையாட்டினார். இவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "இந்த விஷத்தை எப்படிங்கண்ணா நாள் பூராப் பாக்கறீங்க?" என்றார். "என்ற டி.வி.யக் குறை சொல்றவங்க என்ற வூட்டுக்கு வர வேண்டாம்" என்றார் மாமா. மறுநாள் காலை முதல் விமானத்தில் நாங்கள் கிளம்பிவிட்டோம். வாசலில் நின்று நீ கையாட்டினாய். அதுதான் நான் உன்னைக் கடைசியாக நேரில் பார்த்தது. மார்ச்சில் நீ, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், தூக்கத்திலேயே போய்விட்டாய்.

உன் காரியத்தில் சகலைகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பிறகு மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்றார்கள். உன் மகள் நிலா நியூ ஜெர்சியில் டாக்டர் பயிற்சியில் இருக்கிறாள் அல்லவா, போனில் அழுதாள். "சித்தி, ஐ காண்ட் கெட் லீவ். அப்பா வில் பி அலோன்." நான் நடத்தும் குழந்தைகள் டேகேரிலோ இரண்டு டீச்சர்கள் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். நானும் போனால் குழந்தைகளை யாரிடம் விடுவது? இவருக்கு ஜூலையில் லே-ஆஃப் ஆகி வேலை போயிருந்தது. சோபாவில் இருந்தபடியே, "நான் போறேன்" என்றார்.

"நீங்களா?"

"சமைக்கத் தெரியும். கார் ஓட்டத் தெரியும். வேற என்ன வேணும்?"

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும் என்று சொல்ல நினைத்து, டிக்கெட் போட்டேன்.

முதல் மூன்று நாள் "மாத்திரை", "தண்ணி", "பாத்ரூம்" இந்த மூன்று வார்த்தைதானாம். மாமா காலை நீட்டிப் படுத்தபடி செய்தி பார்ப்பார். இவர் சமையலறையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தன் சேனலைக் கேட்பார். நாலாம் நாள் காலுக்குப் பயிற்சி கொடுக்க டெனிஸ் என்ற அம்மாள் வந்தாள். டெக்சாஸ்காரி, ஆறடி உயரம். மாமாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். தானே போய் அதை அணைத்துவிட்டு மறுபடி அளந்தாள். இறங்கியிருந்தது. இனி கால் சரியாகும்வரை இந்த வீட்டில் செய்தி கிடையாது, இரண்டு பேருக்கும்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் பேச்சுக்கே மடங்காத மனிதர், "எஸ் மேடம்" என்றாராம்.

சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது? மாமா டி.வி.யில் உன் பெயரில் இருந்த நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்திருக்கிறார். நீ பாதியில் விட்ட போட்டி நிகழ்ச்சி ஒன்று இருந்தது. பன்னிரண்டு பேரைக் குளிர்கிற ஏரிக்கரையில் விட்டுவிடுவார்களே, குடிசை கட்டி, மீன் பிடித்து, கடைசியில் வெளியேறியவர்களே ஓட்டுப் போட்டு ஜெயித்தவரைச் சொல்வார்களே, அதுதான். நீ விட்டிருந்த ஐந்தாவது எபிசோடிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து எனக்கு வந்த போன்களை நீ கேட்டிருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கௌபாய் தொப்பி வைத்த மாட்டுப் பண்ணைக்காரர், வீட்டு வாசலில் கொடி, தோளில் துப்பாக்கி. இன்னொருத்தி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண், கை முழுக்கப் பச்சை குத்தி, தலைமுடியில் ஊதாச் சாயம். யார் யார் பக்கம் என்று நினைக்கிறாய்? இவர் பண்ணைக்காரர் கட்சி. "பொண்டாட்டி போட்டோவ வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் அழுவறாரு, பாக்க முடியல" என்கிறார். மாமா அந்த ஊதாமுடிக்காரி கட்சி. "பாப்பா விடியறதுக்குள்ள எந்திரிச்சுத் தீ மூட்டுது. ஒரு நாள் கூடக் குறை சொல்லல." இதற்காக இருவரும் சாப்பாட்டு நேரம் முழுக்க வாதாடியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓட்டுச் சாவடியில் மாமா போடுவது அந்தப் பண்ணைக்காரர் மாதிரி ஆட்களின் கட்சிக்கு, இவர் போடுவது ஊதாமுடிக்காரி மாதிரி ஆட்களின் கட்சிக்கு; டி.வி.யில் மட்டும் அப்படியே தலைகீழ்.

கடைசி எபிசோடில் பண்ணைக்காரரும் தோற்றார், ஊதாமுடிக்காரியும் தோற்றாள். ஆரம்பத்திலிருந்து மூலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் இனிக்கப் பேசிக்கொண்டிருந்த பல் டாக்டர் ஒருவன் ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டான்.

"இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்குது தம்பி" என்றார் மாமா.

"ஆமாங்கண்ணா. திருப்பி எண்ணச் சொல்லோணும்" என்றார் இவர்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு சிரிக்கத் தொடங்கியவர்கள், மாமாவுக்குக் கால் வலிக்கிறவரைக்கும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் மாமா கேட்டிருக்கிறார். "அன்னைக்கு ஏன் தம்பி அத்தன கோவம்? நான் உன்னையவா சொன்னேன்?"

இவர் அப்போதுதான் சொன்னார். அந்தத் தாங்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம், கடை ஒன்றின் பார்க்கிங்கில் ஒருவன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, உன் ஊருக்குப் போ என்று கத்தியிருக்கிறான். இவர் எனக்கே சொல்லவில்லை அக்கா. இருபது வருஷமாக இங்கே இருக்கிற மனிதர், ஒரு வாரம் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்திருக்கிறார். "உங்ககிட்டச் சொல்லலாம்னுதாங்கண்ணா வந்தேன். அதுக்குள்ள அந்தச் செய்தி ஓடுச்சு. நீங்க தலையாட்டுனீங்க."

மாமா நீட்டியிருந்த காலை மெல்ல இறக்கி வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாராம். "பன்னண்டு வருஷம் வரிசையில நின்னு கிரீன் கார்டு வாங்கி, அப்பறந்தான் சிட்டிசன் ஆனேன். எல்லாரும் வரிசையில வரோணும்னுதான் நான் நெனைக்கறேன், இப்பவும். ஆனா எவனோ ஒருத்தன் உன்னையப் போகச் சொல்றதுக்கு நான் தலையாட்டுவனா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "அவ தெனமும் சொன்னா, தம்பிக்கு ஒரு போன் பண்ணிப் பேசுங்கன்னு. நாளைக்கு, நாளைக்குன்னேன். மார்ச்சு வந்துருச்சு."

இவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். அதற்குமேல் எனக்கு விவரம் சொல்லவில்லை.

இதனால் யாரும் கட்சி மாறிவிட்டார்கள் என்று நினைக்காதே. இவர் ஊருக்கு வந்த மறுநாளே பழைய சேனல். மாமாவுக்கும் அப்படியே. ஆனால் ஏதாவது பெரிய செய்தி என்றால் இப்போது மாமா இவருக்கு போன் செய்து, "உங்காளுங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறார். இவர் சொல்கிறார். அரை மணி நேரம் சத்தம். கடைசியில் கால் எப்படி இருக்கிறது, வேலை கிடைத்ததா என்று முடிகிறது. வேலை கிடைத்துவிட்டது அக்கா, சான் ஹோசேயில். முதலில் கூப்பிட்டு வாழ்த்தியது மாமாதான்.

உன்னிடம் கேட்க ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாயே, நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய்? கேட்ட போதெல்லாம் "மொதல்ல எபிசோடப் பாரு" என்று பேச்சை மாற்றினாய். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, இல்லை போகவே இல்லையா?

பரவாயில்லை, சொல்ல வேண்டாம். நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இனி எத்தனை தேர்தல் வந்தாலும், முடிவு தெரிந்த மறுநாள் காலையில் மாமாவுக்கு முதல் போன் என்னுடையதாக இருக்கும். எங்கள் பக்கம் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது.

உன் வாலைப் பிடித்துக்கொண்டே அமெரிக்கா வரை வந்த தங்கச்சி,
கவிதா