காற்றுக்கு விடாத கிரேன்

இன்று மதியம் உப்பளத்துப் பக்கமிருந்து எழும்பிய காற்று, கிரீஸ் வாடையைக் கொண்டுவந்து என் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சாலையோரத்துப் புதுக் கட்டடத்தில் டவர் கிரேன் ஒன்று, காற்று தள்ளிய பக்கமெல்லாம் பூம் என்கிற தன் நீண்ட தூக்குக் கையைத் திருப்பிக்கொண்டு நின்றது. வேலை இல்லாத நேரத்தில் கிரேன் அப்படித்தான் நிற்க வேண்டும். அன்று அதை அப்படி நிற்க விடவில்லை.

2005 மழைக்காலம். கூனிமேட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடற்கரை ஓட்டலைக் கட்டும்போது நீ கிரேன் ஓட்டினாய். நான் கீழே நின்று கொடி காட்டினேன். மரக்காணத்து உப்பளத்தில் கால் வெந்த சிநேகிதர்கள் நம் இருவருக்கும் அது பெரிய வேலை. பக்கத்துத் தோப்புக்காரர், பூம் தன் நிலத்துக்கு மேலே வருகிறது என்று சத்தம் போட்டார். உடனே இன்ஜினியர், வேலை முடிந்ததும் பூமைத் திரும்பாதபடி சங்கிலியால் கட்டவைத்தார்.

"சார், காத்துல திரும்ப வுடணும் சார். கட்டி வச்சா டவரே சாஞ்சிடும்" என்றாய். கிரேனைச் செய்தவர்களே கேபினில் படம் போட்டு ஒட்டியிருந்த எச்சரிக்கைதான் அது.

"ஓட்டுற வேலைய மட்டும் பாருய்யா" என்றார் அவர்.

அந்தச் சாயங்காலம் புயல்காற்று அடித்தபோது கட்டிய கிரேன் முனகி ஆடியது. அது சாயும் பக்கத்தில் தகரக் கொட்டகைகள். உள்ளே மழைக்கு ஒதுங்கிய சித்தாள்கள்.

"டேய், நீ அவங்கள வெளிய இட்டா. நான் மேல போய் அவுத்து வுட்டுட்டு வர்றேன்."

"வாணாம்டா, போவாத!"

"அதுக்குள்ள சாஞ்சிட்டா?"

ஏறிவிட்டாய். சங்கிலி விடுபட்டதும் பூம் காற்றோடு திரும்பியது. கிரேன் ஆட்டம் தணிந்து நின்றது. வெளியே வந்துவிட்ட சித்தாள்களும் நானும் கத்திக் கொண்டாடினோம். இறங்கும்போது ஈர ஏணியில் உன் கால் வழுக்கியது. ஏணியைச் சுற்றி இருக்க வேண்டிய பாதுகாப்பு வளையங்களைக் கம்பெனி மாட்டவே இல்லை. பிடிக்க எதுவும் இல்லாமல் விழுந்தாய்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். "யாரும் ஏறச் சொல்லல சார். குடிச்சிருந்தான்" என்றார் இன்ஜினியர்.

"குடிச்சிருந்தானா? நீங்க கட்டுன சங்கிலிய அவுக்கத்தான்யா ஏறினான்!" என்று கத்தினேன். சித்தாள்கள் அத்தனை பேரும் எழுந்து என் பக்கம் வந்து நின்றார்கள். குடித்திருந்தாய் என்ற பேச்சை அதோடு விட்டார்கள். இன்ஜினியரை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஏணி வளையங்கள் சீக்கிரமே வந்து இறங்கின. கம்பெனி கேட்டிருந்தால் முன்பே வந்திருக்கும்.

ஊரில் இன்றும் உன்னை வீரன் என்கிறார்கள். அதைக் கேட்டாலும் கோபம்தான் வருகிறது. நீ வீரனாக வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாதுடா. மழை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆறிப்போ என்கிறார்கள். ஆற மாட்டேன்.