தனியாகத்தான் வருகிறேன்

டொரோண்டோ,
6 டிசம்பர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

பூர்ணிமாவின் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். கல்கத்தாவில், நம் டாக்குரியாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பால் வாங்கப் போகவேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அனுராதாவுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். அடுத்த பாராவைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். நானும் நரேனும் இங்கே ஒன்றாகக் குடித்தனம் நடத்துவதாகப் பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கிறீர்கள். நான் அவரை விட்டு வந்தது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், அதனால் கல்யாணத்துக்கு வராதே, துர்கா பூஜை சமயத்தில் வந்துகொள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்பா, அடிக்கிறவரோடு இருக்க முடியாமல் வெளியே வந்தேன். அன்றைக்குப் போன் பண்ணியபோது அம்மா கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாள். நான் பொறுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை. என் தங்கை கல்யாணத்தன்று நான் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

அனு போனில் அழுதாள். பொய் சொல்லி நடக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம், நீயே சொல்லிவிடு என்று அவள்தான் நம்பர் கொடுத்தாள். டாலிகஞ்சில் பிள்ளை வீட்டுக்குக் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் அம்மா அனந்தலக்ஷ்மி மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “இதை ஏன்டிம்மா உங்கப்பா சொல்லலை?” என்று கேட்டார். அப்பாவுக்குப் பயம் என்றேன்.

“பயப்பட வேண்டியவன் அடிச்சவன். நீ கெளம்பி வா. ஊஞ்சல்ல அனு பக்கத்துல நீதான் நிக்கணும்” என்றார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ராஜாராமன் மட்டும் முகூர்த்தத்துக்கு வரமாட்டாராம். வராவிட்டால் போகட்டும் என்று மாமியே சொல்லிவிட்டார்.

உங்களைக் கேட்காமல் செய்தேன் என்று கோபம் வரும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது; விமானம் வரும் நாளும் நேரமும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்பேன். ஜாமாய் எங்கே, மாப்பிள்ளை வரவில்லையா என்று மாடிப்படியிலேயே வழிமறித்துக் கேட்கப்போகும் பக்கத்து வீட்டுக் கோஷ் மாஷிமாவுக்கும் அதே பதில்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டம்டம் ஏர்போர்ட்டுக்கு வேறு யாரையும் அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள் அப்பா. நம்மவர்கள் யாராவது எதிர்ப்பட்டால், என் பெரிய பெண் வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களையும் அம்மாவையும் சேவித்துக்கொள்ளும்,
பூர்ணிமா