ஒன்றரை சென்டிமீட்டர்

உத்திரமேரூர்
3.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் இருவரும் கத்திவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். மன்னார்குடியில் அறுவடை மிஷின் ஓட்டம் எப்படி? வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தேன் அல்லவா? கணையத்தின் வால் பக்கம் நீர்க்கட்டியாம். விட்டுவைத்தால் புற்றாக மாறலாமாம். முதலில் பார்த்த டாக்டர், பாதிக் கணையத்தோடு மண்ணீரலையும் எடுக்க வேண்டும் என்றார். சென்னை டாக்டரம்மா, ரோபோ மூலம் சின்னத் துளைகள் போட்டு, கட்டி உள்ள பகுதியை மட்டும் எடுத்து மண்ணீரலைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார். இருபதாம் தேதி ஆபரேஷன்.

உங்கள்
இளவரசி


மன்னார்குடி
7.2.2025

அன்பு இளவரசி,

கடிதம் பார்த்ததிலிருந்து கை ஓடவில்லை. நேற்று மிஷினை வரப்பில் ஏற்றிவிட்டேன். "உனுக்கு இன்னா ஆச்சு எல்லப்பா?" என்று கூட மிஷின் ஓட்டும் செங்கேணி திட்டினான். மிஷினை நம்பி உடம்பைக் கொடுப்பதா? நடுவயலில் அது நின்றுபோவதை நான் தினமும் பார்க்கிறேன். தள்ளிப்போடு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

கட்டி எத்தனை சென்டிமீட்டர்? உடனே எழுது.

எல்லப்பன்


உத்திரமேரூர்
11.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாலரை சென்டிமீட்டர்.

மிஷினைப் பற்றி டாக்டரம்மாவிடம் நானும் கேட்டேன். "அது தானா ஒண்ணும் செய்யாதும்மா. பக்கத்துல உக்காந்து நான்தான் அதோட கையை அசைப்பேன். கட்டி ரத்தக்குழாயில ஒட்டியிருந்தா வயித்தைத் திறக்க வேண்டி வரும், மண்ணீரலும் போகலாம்" என்றார். ஒளிக்காமல் சொன்னதே எனக்குத் தைரியம்.

அளவை ஏன் கேட்டீர்கள்?

இளவரசி


மன்னார்குடி
14.2.2025

இளவரசி,

இரண்டு வருடத்துக்கு முன் நீ மயங்கி விழுந்தபோது எடுத்த வயிற்று ஸ்கேனிலேயே அது இருந்தது. அப்போது ஒன்றரை சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். நம் மகள் கல்பனாவின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. "ஒண்ணும் இல்ல, பித்தம்" என்று உன்னிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்ததும் சொல்ல நினைத்தேன். நீ நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாய். நாளாக ஆக, சொல்லவே பயமாகிவிட்டது.

பத்தொன்பதாம் தேதி காலையில் வந்துவிடுவேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

எல்லப்பன்


செங்கல்பட்டு, கல்பனா வீடு
9.3.2025

மாமா,

தையல் ஆறிவிட்டது. விலாவில் வைத்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். மண்ணீரல் தப்பியது. சர்க்கரையும் ஏறவில்லை. நேற்று பயாப்ஸி முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தனவாம். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கதையே வேறம்மா" என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரியில் ஏழு நாளும் என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்திருந்தேன். "இன்னாம்மா, நைனா மேல அவ்ளோ கோவம்?" என்று கல்பனா தினமும் கேட்கிறாள். தன் கல்யாணத்துக்காக மறைத்தீர்கள் என்று தெரிந்தால் அவள் எப்படித் தாங்குவாளோ! ஆனால் அவளுக்காக நானும் மறைக்க ஆரம்பித்தால், உங்களைக் கேட்க எனக்கு வாயேது?

அறுவடை முடிந்ததும் நேரே இங்கே வாருங்கள். சாப்பிட உட்காருவதற்கு முன் அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அதன் பிறகுதான் நான் உங்களோடு ஊருக்குப் பஸ் ஏறுவேன்.

இளவரசி